வடதுருவம் செல்லும் ஆசிரியரின் ஆயத்தம்

(கழக வெள்ளி விழாவில் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதற்கண் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். விழா அழைப்பிதழில் என் பெயருக்கு முன் 'வடதுருவம் கண்ட' என்றோர் அடைமொழி அச்சாகியுள்ளது. அன்பின் மிகுதியால் நேர்ந்த பிழை அது. வடதுருவப் பகுதியை நான் இன்னும் கண்டதில்லை. இதுவரை நான் கண்டவை மருத்துவரின் அறை, கடவுச்சீட்டுக்கான வரிசை, தியாகராய நகரில் ஒரு கம்பளிக் கடை ஆகிய மூன்றே. இன்னும் சில வாரங்களில், கடல்நீரை ஆராயும் ஒரு குழுவில் உதவியாளனாக அப்பகுதிக்குப் புறப்பட இருக்கின்றேன். ஆதலின், சென்று வந்தவனாக அன்று, செல்வதற்கு ஆயத்தம் செய்பவனாகவே உங்கள் முன் நிற்கின்றேன். ஆயத்தம் என்பதே என் உரையின் பொருள்.

நம் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "தம்பி, நம் பிள்ளைகளுக்கு இருக்க இடமில்லை, இருக்கும் இடத்தில் பள்ளியில்லை. நமக்கு எதற்கு வடதுருவம்?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, வருத்தத்தோடு கேட்டார். அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூற முயல்கின்றேன்.

சென்னைக்குப் பனிக்கட்டி புதிய பொருளன்று. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடத்தை நீங்கள் அறிவீர்கள். நம் பாட்டன்மார் அதனை 'ஐஸ் அவுஸ்' என்றனர். அப்பகுதிக்கு இன்றும் அப்பெயரே நிலைத்துள்ளது. பிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகரின் பனிக்கட்டிக் கிடங்காக 1842ஆம் ஆண்டளவில் அது எழுந்தது. அமெரிக்காவின் வடகிழக்கே குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளை அறுத்து, பாளம் பாளமாக மரத்தூளில் பொதிந்து, பாஸ்டன் நகரிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் கொண்டு வந்தனர். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நிற்கும். மசூலாப் படகுகள் சரக்கைக் கரை சேர்க்கும். கரையிலிருந்து கிடங்கு வரை மனிதத் தோள்களே வண்டி. பருகியவர்கள் வெள்ளை அதிகாரிகளும் செல்வர்களும். பிற்பாடு இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தது, அவ்வணிகம் மறைந்தது. டியூடரின் பெயர் நூல்களில் இருக்கின்றது. 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கியதும் பதிவாகியுள்ளது. பாளம் சுமந்தவர் ஒருவரின் பெயரையேனும் நான் எங்கும் படித்ததில்லை.

இதனை நான் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் தந்தையார் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் ஐஸ் பாளம் சுமந்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுவார். தோளில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பாளத்தை ஏற்றுவார்கள். திரும்பி வரும்போது அவருடைய வலத்தோள் மரத்துப் போயிருக்கும்; என் தாயார் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுப்பார். நான் வடதுருவம் செல்லும் செய்தியைக் கூறியபோது தாயார் முதலில் கேட்டது இது: "உன் அப்பா தோளில் சுமந்தது போதாதா? நீ வேறு அதைத் தேடிக்கொண்டு போக வேண்டுமா?"

தாயாருக்கு நான் கூறிய விடை: "அம்மா, நான் சுமக்கப் போகவில்லை, அளக்கப் போகிறேன்."

அவ்வாறு சொல்லும் துணிவை எனக்குத் தந்தது இக்கழகம். நான் பகலில் படித்த பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. அப்பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் என் வேலை கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவதும், குடத்தில் தண்ணீர் கொண்டு வருவதுமே. ஏனைய மாணவர் அளந்தனர். நான் அவர்களுக்கு நீர் சுமந்தேன். எவரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. அஃது இயல்பான ஏற்பாடாகவே அனைவர்க்கும் தோன்றிற்று. சில காலம் எனக்கும் அவ்வாறே தோன்றிற்று என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாலையில் மந்தைவெளியில் தகரக் கூரையின்கீழ் நம் வகுப்பு நடக்கும். அங்கு அறிவியல் கற்பித்த ஐயா இன்று நம்மிடையே இல்லை. மேடையில் தம் பெயர் சொல்லப்படுவதை விரும்பாதவர் அவர். ஆதலின் ஐயா என்றே குறிப்பிடுகின்றேன். ஒருநாள் என் தந்தையார் கொண்டு வந்த ஐஸ் துண்டுகளை ஒரு குவளையில் இட்டு, தம் கைப்பணத்தில் வாங்கிய வெப்பமானியை என் கையில் கொடுத்தார். "நீயே வை, நீயே படி" என்றார். பாதரசம் சுழியத்தில் நின்றது. பிறகு ஒரு கைப்பிடி உப்பை இடச் சொன்னார். பாதரசம் சுழியத்துக்குக் கீழே இறங்கிற்று. உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது என்பதும், கடல்நீர் ஏறத்தாழச் சுழியத்துக்குக் கீழே 1.8 பாகை செல்சியஸில்தான் உறையும் என்பதும் எனக்கு அன்று தெரிந்தன. கடல்நீரின் உப்பையும் வெப்பநிலையையும் அளப்பதே இக்கோடையில் எனக்கிடப்பட்ட பணி. என் வடதுருவப் பயணம் அக்குவளையில் தொடங்கிற்று என்றால் அது மிகையாகாது.

ஐயா அத்தோடு விடவில்லை. ஒரு திங்கள் முழுவதும், காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் காற்றின் வெப்பநிலையை அளந்து ஏட்டில் எழுதுமாறு பணித்தார். பதினோராம் நாளும் பன்னிரண்டாம் நாளும் தந்தையார் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதில் நான் சந்தைக்குச் சென்றேன். அளக்க இயலவில்லை. வெற்றிடம் அழகாயில்லை என்று கருதி, முந்தைய நாள்களின் எண்களை ஒட்டி இரண்டு எண்களைக் கற்பித்து எழுதினேன். ஐயா ஏட்டைப் புரட்டினார். அந்த வரிகளில் விரலை வைத்தார். "அவ்விரு நாளும் மழை பெய்தது. உன் ஏட்டில் வெயில் அடிக்கிறதே" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என்னைக் கொண்டே அவ்வெண்களை அடிக்கச் செய்து, அவற்றின்மேல் 'அளக்கவில்லை' என்று எழுதச் செய்தார். "சுமை தூக்கப் போனவன் அளக்க முடியாது. அதில் உனக்கு இழுக்கில்லை. அளந்ததாக எழுதுவதுதான் இழுக்கு" என்றார். என் கல்வியில் இதற்கு நிகரான பாடம் வேறில்லை.

இப்பாடத்தின் முழுப் பொருளும், வடதுருவ வரலாற்றைப் படித்தபோதே எனக்கு விளங்கிற்று. வடதுருவம் என்றதும் நூல்கள் அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் ராபர்ட் பியரியின் பெயரைச் சொல்லும். அவருடன் சென்ற மேத்யூ ஹென்சன் என்னும் கறுப்பின அமெரிக்கரை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1866இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர்; இளமையிலேயே பெற்றோரை இழந்தவர்; ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் கப்பலில் ஏவலாளாகச் சேர்ந்தார். சைல்ட்ஸ் என்னும் அக்கப்பலின் தலைவரே அவருக்கு எழுத்தும் படிப்பும் கற்பித்த ஆசிரியர். 1887இல் வாஷிங்டன் நகரில் ஒரு கடையில் எழுத்தராக இருந்த ஹென்சனைப் பியரி சந்தித்துப் பணியில் அமர்த்தினார். 1891 முதல் 1909 வரை பியரியின் வடதுருவ முயற்சிகளில் அவர் உடனிருந்தார். பனிச்சறுக்கு வண்டி செய்யவும், நாய்களைப் பூட்டி ஓட்டவும் கற்றார். இனுவிட் மக்களின் மொழியில் உரையாடினார். அம்மக்கள் அவரைத் தம்மவராகவே கொண்டனர்.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், வடதுருவம் என்று கருதிய இடத்தில் நின்றவர்கள் அறுவர்: பியரி, ஹென்சன், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்வியா. பின்னால் நின்ற நால்வரும் இனுவிட்டுகள். அவர்களுடைய ஆடையும் உணவும் வழியறிவும் இன்றி வெள்ளையர் ஒருவரும் அவ்விடம் சேர்ந்திருக்க இயலாது. ஆயினும் புகழ் ஒருவருக்கே சென்றது.

இங்கு ஆசிரியர் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கதிரவனின் உயரத்தைக் கருவியால் அளந்து, தாம் நிற்கும் இடத்தின் அகலாங்கைக் கணிக்க வல்லவரான கப்பல் தலைவர் பார்ட்லெட், ஏப்ரல் 1ஆம் நாளே திருப்பி அனுப்பப்பட்டார். அதன்பின் கருவியும் கணக்கும் பியரி ஒருவர் கையிலேயே இருந்தன. உடன் நின்ற ஐவரில் எவரும் தனியே அளந்து தனியே எழுதவில்லை. எனவேதான் அவர்கள் உண்மையாகவே துருவத்தை எட்டினரா, சில கல் தொலைவில் நின்றுவிட்டனரா என்னும் ஐயம் இன்றளவும் தீரவில்லை. எண்ணிப் பாருங்கள். உடன் இருந்த மற்றொரு கையிலும் ஓர் அளவைக் கருவியைக் கொடுத்து, மற்றோர் ஏட்டிலும் எழுதச் செய்திருந்தால், அவ்வையம் எழுந்திராது. ஒரு கூட்டத்தாரைச் சுமக்க மட்டுமே அனுமதிப்பதால் அவர்களுக்கு மட்டும் இழப்பில்லை. உண்மைக்கும் ஒரு சாட்சி குறைகின்றது.

ஹென்சன் 1913 முதல் நியூயார்க் சுங்க அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். அதே ஆண்டில், அதே நகருக்கு, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயில அண்ணல் அம்பேத்கர் சென்று சேர்ந்தார் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சம் சிலிர்க்கின்றது. ஆய்வுப் பயணிகள் மன்றம் ஹென்சனை உறுப்பினராக ஏற்றது 1937இல். அவர் 1955இல் மறைந்தார். பியரி துயிலும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்கு அவர் உடல் உரிய சிறப்போடு மாற்றப்பட்டது, 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள். அவர்கள் துருவம் தொட்டதாகச் சொன்ன நாளிலிருந்து எழுபத்தொன்பது ஆண்டுகள்!

இனி நம் நாட்டின் செய்திக்கு வருவோம். ஆசிரியர் துருவம் செல்வது நம் நாட்டிற்குப் புதியதன்று. 1983ஆம் ஆண்டு புறப்பட்ட மூன்றாம் அண்டார்டிகாப் பயணத்தில் இரு பெண்மணிகள் சென்றனர். ஒருவர் கடலியல் அறிஞர் அதிதி பந்த். மற்றொருவர் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்த சுதீப்தா சென்குப்தா. அவர் மலையேற்றப் பயிற்சி பெற்ற ஆசிரியை. தென்துருவப் பனியில் பாறைகளை ஆராய்ந்து மீண்டும் வகுப்பறைக்கே திரும்பினார். அமெரிக்காவில் 'போலார்ட்ரெக்' என்னும் திட்டம் 2007 முதல் பள்ளி ஆசிரியர்களை ஆய்வாளர்களோடு இரு துருவங்களுக்கும் அனுப்பியது. ஆசிரியர் அங்கு விருந்தினர் அல்லர். குழுவில் ஒருவராக உழைத்து, அன்றாடம் கண்டதைத் தம் மாணவர்க்கு எழுத வேண்டும்.

வடதுருவப் பகுதிக்கு இந்தியாவின் முதல் அறிவியல் பயணம் 2007 ஆகஸ்டில் நடந்தது. 2008ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. அது நார்வே நாட்டின் ஆளுகைக்குட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நி-ஓலசுண்ட் என்னும் சிற்றூரில், துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வூர் முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர். 1962இல் நேர்ந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர் மாண்டனர். அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கு உள்ளன. தொழிலாளர் உயிரீந்த மண்ணில் அறிவியல் நடக்கின்றது என்பதை அங்குச் செல்வோர் மறத்தலாகாது. நீண்ட காலம் கோடையையே நம்பியிருந்த இந்திய ஆய்வு, 2023 டிசம்பரில் முதன்முதலாகக் குளிர்காலப் பயணத்தையும் மேற்கொண்டது.

இத்தகைய இடத்திற்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு? மாணவர் பலர் ஆவலோடு கேட்டனர். ஆதலின் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது உடல். இதயம், இரத்த அழுத்தம், கண் முதலியவற்றோடு பல்லையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அச்சிற்றூரில் மருத்துவமனை இல்லை. அருகிலுள்ளது லாங்யீர்பியன் நகரில், நூறு கிலோமீட்டருக்கு அப்பால். சொத்தைப் பல் ஒன்று ஒரு கோடை முழுவதன் உழைப்பையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது உடை. அங்குக் கோடையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழேயே இருக்கும். கத்திரி வெயிலில் தியாகராய நகர் சென்று கம்பளி உள்ளாடை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஊட்டிக்கா சார், கொடைக்கானலுக்கா?" என்றார். "இன்னும் கொஞ்சம் வடக்கே" என்றேன். ஒரே தடித்த சட்டையைவிட மூன்று அடுக்கு நல்லது: வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, சூட்டைக் காக்கும் கம்பளி, காற்றைத் தடுக்கும் மேலாடை. நம் பருத்தி அங்கு உதவாது. அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும்.

மூன்றாவது ஆவணங்கள். ஸ்வால்பார்ட் தீவுகளுக்குத் தனி நுழைவு அனுமதி தேவையில்லை. 1920இல் பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அன்றைய இந்தியாவும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆயினும் நார்வேயின் வழியாகவே செல்லவும் திரும்பவும் வேண்டியிருப்பதால், இரு முறை நுழைய அனுமதி பெறல் வேண்டும். அதற்கு முன் கடவுச்சீட்டு. அதற்கு முன் முகவரி. இங்குதான் நான் இடறினேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையிலிருந்த எங்கள் வீடு மூழ்கிற்று. பின்னர் அக்கரையிலிருந்த குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. என் பள்ளிச் சான்றில் ஒரு முகவரி, குடும்ப அட்டையில் ஒரு முகவரி, நான் வாழும் இடம் வேறு. "இவற்றில் எது நீர்?" என்று கேட்டார் ஓர் அலுவலர். துருவத்தில் கருவியின்றி இடத்தை மெய்ப்பிப்பது அரிது என்றேன் அல்லவா? சென்னையிலும் அது எளிதன்று.

நான்காவது பாதுகாப்பு. குடியிருப்பைத் தாண்டிச் செல்லும் குழுவில் துப்பாக்கி இருத்தல் வேண்டும். வெண்கரடிகள் உலவும் நிலம் அது. அதற்குரிய பயிற்சியை அங்கேயே தருவர். அவ்வூரில் கட்டடக் கதவுகளைப் பூட்டுவதில்லை என்பது வழக்கம். கரடி துரத்தினால் யாராயினும் எக்கதவையும் திறந்து உள்ளே புகலாம். இச்செய்தியைப் படித்த அன்று நான் நெடுநேரம் உறங்கவில்லை. வாடகைக்கு வீடு தேடி மயிலாப்பூர்த் தெருக்களில் நடந்தவன் நான். 'காலி' என்று பலகை தொங்கிய வாயில்களில், பெயருக்கும் வேலைக்கும் அடுத்து மூன்றாவதாக ஒரு வினா வரும். அவ்வினாவிற்குப் பின் வீடு காலியில்லை. யார் என்று கேளாமல் திறக்கும் கதவை மனிதர் அமைக்க இயலும் என்பதற்கு அச்சிற்றூர் சான்று. அதற்குக் கரடி வரும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதே என் வினா.

ஐந்தாவது, இவை யாவினும் பெரியது, கருவிப் பயிற்சி. கடலில் இறக்கும் கருவி ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் பதிவு செய்யும். மின்கடத்துதிறனிலிருந்து உப்பின் அளவு கணிக்கப்படும். இறக்குமுன் கருவியைச் சரிபார்க்க வேண்டும். நேரத்தையும் இடத்தையும் குறிக்க வேண்டும். அளவை தவறினால் தவறிற்று என்று எழுத வேண்டும். அங்கே ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை கதிரவன் மறைவதில்லை. நள்ளிரவும் பகலாக இருப்பதால் நாள் எது, இரவு எது என்பது மயங்கும். ஏட்டில் தேதியிடாதவன் அங்கு நாளையே தொலைத்துவிடுவான்.

இனி, அப்பனியின் நிலையை நாம் ஏன் அறிய வேண்டும்? ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க சோதனை ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு குவளைகளில் சம அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றில் ஐஸ் துண்டை மிதக்க விட்டு, நீர்மட்டத்தைக் கோடிடுங்கள். மற்றொன்றின் வாயில் சல்லடை வைத்து, அதன்மேல் ஐஸ் துண்டை வைத்து, அவ்வாறே கோடிடுங்கள். மிதந்த துண்டு கரைந்தால் மட்டம் உயராது. சல்லடை மேலிருந்தது கரைந்து சொட்டினால் மட்டம் உயரும். வடதுருவக் கடலில் மிதக்கும் பனி முதலாவது குவளை. கிரீன்லாந்து நிலத்தின் மேல் கிடக்கும் பெரும்பனி இரண்டாவது குவளை. மிதக்கும் பனியால் கேடில்லை என்று கருதிவிடலாகாது. வெண்பனி கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அது கரைந்தால் வெளிப்படும் கருங்கடல் அவ்வெப்பத்தை விழுங்குகிறது. வெள்ளையடித்த மாடிக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்காலால் நடந்தவர் அறிவர். இதுவும் பிற காரணங்களும் சேர, 1979 முதல் உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வடதுருவப் பகுதி வெப்பமடைந்துள்ளதாக 2022இல் வெளியான ஆய்வு கண்டது. அங்கு நிகழும் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிவதும் இந்திய ஆய்வின் நோக்கங்களுள் ஒன்று.

கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நனைவது யார் கால்? மழை பெருகினால் முதலில் மூழ்குவது எக்கரை? மாடி வீட்டில் இருப்பவரும் துன்புறுவர் என்பது உண்மை. ஆனால் நீர் வடிந்தபின் அவர்கள் தம் வீட்டிற்கே திரும்புவர். நாமோ நீர் வடிந்தபின் நகரை விட்டே அனுப்பப்பட்டோம். வெள்ளத்தின் அளவை எழுதுவோர் நடுவிலும், கரையின் எல்லையை வரைவோர் நடுவிலும் நம்மவர் இருந்திருந்தால், அவ்வேடுகளில் எழுதப்பட்டவை சில வேறாக இருந்திருக்கக்கூடும். மூத்தவர் கேட்ட வினாவிற்கு இதுவே என் முதல் விடை.

இரண்டாவது விடை பள்ளிக்கரணையில் உள்ளது. அங்குள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிஞர்கள், கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்தாரோடு இணைந்து 'இன்ட்ஆர்க்' என்னும் கருவித் தொகுதியை உருவாக்கினர். 2014ஆம் ஆண்டு ஜூலையில், ஹிமாத்ரிக்கு அருகிலுள்ள கோங்ஸ்பியோர்டன் கடற்கழியில், ஏறத்தாழ 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது நிறுத்தப்பட்டது. அட்லாண்டிக்கின் வெந்நீரும், துருவத்தின் தண்ணீரும், பனியாறு உருகிய நீரும் கலக்கும் இடம் அது. பின்னர் அது மேலே எடுக்கப்பட்டு, பதிவுகள் பெறப்பட்டு, மீண்டும் கடலில் இறக்கப்பட்டது. ஆக, துருவக் கடலின் நாடி பார்க்கும் கருவி ஒன்று, நம் மக்கள் குடியமர்த்தப்பட்ட பெரும்பாக்கத்திற்கு அருகிலேயே உருப்பெற்றது. அந்நிறுவனத்தின் வாயிலைப் பேருந்தில் கடக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்? வடதுருவம் நமக்குத் தொலைவில் இல்லை. இடையில் இருப்பது ஒரு மதிற்சுவர். அதைத் திறக்கும் சாவி கணக்கும் இயற்பியலும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். அடையாற்றின் ஊரூரில் 1894இல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். இராயப்பேட்டையிலிருந்து 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தம் வார ஏட்டைத் தொடங்கினார். பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா சட்டமன்றம் ஏறினார். கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்த இரட்டைமலை சீனிவாசன், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்தார். ஏடு நம் கையில் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் அனைவருடைய முயற்சியும். நம் கழகத்தின் இருபத்தைந்தாண்டு உழைப்பு அவ்வரிசையில் வருவது.

ஆகவே கழகத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, ஒவ்வொரு மாலை வகுப்பிற்கும் ஒரு சிறு கருவிப் பெட்டி தேவை: வெப்பமானி, மழைமானி, தராசு, திசைகாட்டி. அவற்றைப் பூட்டி வைத்தலாகாது, உடைந்தால் உடையட்டும். இரண்டாவது, பெரும்பாக்கத்தில் நம் வகுப்பின் கிளையொன்றை இவ்வாண்டே திறத்தல் வேண்டும். இடம் மாறிய பிள்ளைகளில் சிலர் படிப்பை விட்டுவிட்டனர்; அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியவர்கள் நாம். என் பங்காக வாரம் இருநாள் அங்கு வந்து கற்பிப்பேன்.

மூன்றாவது, மாணவர்களே, உங்களுக்கு. நான் அங்கிருக்கும் நாள்களில், நண்பகல் 12 மணிக்கு மெரினாக் கடல்நீரின் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். கோடையில் அங்கு அப்போது காலை 8.30. அந்நேரத்தில் நானும் அளப்பேன். பெரியவர் துணையின்றி எவரும் கடலில் இறங்கலாகாது. படகுக்காரரிடம் ஒரு வாளி நீர் கேட்டுப் பெறுங்கள். நான் திரும்பி வந்ததும் இரண்டு ஏடுகளையும் இதே கூடத்தில் அருகருகே வைத்துப் படிப்போம். மழையாலோ, காய்ச்சலாலோ, வீட்டு வேலையாலோ ஒருநாள் அளக்க முடியாமற் போனால், அவ்வரியில் எழுத வேண்டிய சொல் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

என் தந்தையார் இவ்விழாவைக் காண இல்லை. அவர் மடித்துப் போட்ட சாக்குத் துணியின் ஒரு துண்டைத் தாயார் பத்திரமாக வைத்திருந்தார். அதனைக் கொண்டு என் வெப்பமானிக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். பயணப் பெட்டியில் எல்லாவற்றிற்கும் மேலாக அது இருக்கின்றது.